அவள் ஏன் திரும்பி வந்தாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தப் பொய்யை நான் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. எனக்கு அப்போது பதினான்கு வயது. தெல்லிப்பழையில் எங்கள் வீட்டு ஹோலில் அம்மாவும், பக்கத்து வீட்டு மாமியும், என் வயதை ஒத்த ஒழுங்கைப் பெட்டைகள் நாலைந்து பேரும் ரீவிக்கு முன்னால் பாய் விரித்து இருந்தார்கள். லண்டனில் இருந்த எங்கள் தாய்மாமன் அங்கே ரீவியில் போன விண்வெளித் தொடர் ஒன்றை வீடியோக் கசற்றுகளில் பிடித்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். எல்லாம் இங்கிலிஷ். அப்பா இங்கிலிஷ் வாத்தியார் என்பதால் எனக்கும் அக்காவுக்கும் அது விளங்கும். அக்காவுக்குக் குரல் எழும்பாது. எனக்கோ சந்தைக் குரல். ஆகவே ரீவிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

கதை இதுதான். நட்சத்திரங்களுக்கு நடுவே கப்பல்களுக்கு வழிகாட்ட வெளிச்சவீடுகள் இருக்கின்றன. அவை அடிக்கடி பழுதாகும். ஒருவன் சின்னக் கப்பலொன்றில் தனியே திரிந்து அவற்றைத் திருத்துகிறான். இரண்டாவது கசற்றில் ஒரு பெண் அவனோடு ஏறிக்கொள்கிறாள். ஏறினவள் பிறகு இறங்கவே இல்லை. பயத்தங்காய் முறித்துக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினார்.

“உவள் ஆர் அவனுக்கு?”

ஹோல் முழுக்க என்னைப் பார்த்தது. ஒரு ஆண், ஒரு பெண், வேறு ஒரு குஞ்சு குருமான் இல்லாத கப்பல். ஒருவரும் இல்லை என்று உண்மையைச் சொன்னால் அம்மா எழுந்துபோய் சுவிட்சை அமத்துவார், கசற்றுகள் அலுமாரிக்குள் போய்ப் பூட்டுப்படும். அது எனக்கு வடிவாய்த் தெரியும்.

“தங்கச்சி” என்றேன்.

“அப்ப சரி” என்று அம்மா அடுத்த பயத்தங்காயை எடுத்தார்.

அந்த ஒரு சொல்லோடு எங்கள் வீட்டில் மூன்று கட்சிகள் உண்டாகின. அம்மாவும் மாமியும் அண்ணன் தங்கச்சிக் கட்சி. மாமிக்கு அந்தக் கப்பல்காரனில் தீராத கோபம். “தங்கச்சியைக் கரைசேர்க்காமல் உவன் என்ன லைற் திருத்திக்கொண்டு திரியிறான்? தாய் தேப்பன் இல்லாத குமர்ப்பிள்ளை. உவனெல்லோ ஒரு மாப்பிள்ளை பார்க்கவேணும்?” என்பார். கப்பல் புதுக் கிரகம் ஒன்றில் இறங்கினால் போதும், அங்கே நிற்கிற ஆட்களில் பல்லும் நிறமும் பார்த்து ஒருவனைத் தெரிவுசெய்து, “உந்தப் பெடியன் பரவாயில்லை, உவனைக் கேட்கச் சொல்லு” என்று எனக்கு உத்தரவு போடுவார். பெட்டைகள் சிரித்துச் செத்துப்போவார்கள்.

அவர்களுக்குத் தெரியாமல் எனக்கும் அக்காவுக்கும் நடந்தது வேறு சண்டை. அக்கா என்னிலும் ஏழு வயது மூத்தவள், கம்பஸில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்ன பொய் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“அவள் அவனுக்கு ஒண்டுமே இல்லையடி. அதுதானே கதையின்ரை வடிவே. சொந்தமும் இல்லை, காதலும் இல்லை. கூடப் போறாள், கூட வேலை செய்யிறாள். அதை ஏன் கெடுத்தனி?”

“காதல் இல்லையோ? உனக்குக் கண் தெரியாதோ? தன்ரை காற்றுக் குழாயைக் கழட்டி அவளுக்குக் குடுத்தவன். ஒண்டுமில்லாதவளுக்கு ஆரும் அப்பிடிக் குடுப்பினமோ?”

“போன கிழமை ஷெல் விழேக்கை முன்வீட்டுக்காரர் எங்கடை அம்மாவைக் கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு ஓடினவர். அவருக்கும் அம்மாவுக்கும் காதலோ?”

பதில் இல்லாதபோது சத்தத்தைக் கூட்டுவதுதான் என் வழக்கம். ஒழுங்கைப் பெட்டைகளில் மூன்று பேரை இரகசியமாக என் பக்கம் இழுத்துவிட்டேன். அவர்களுக்குச் சிரிப்பை, பார்வையை, கை பட்ட இடத்தையெல்லாம் எண்ணி எண்ணிக் காட்டினேன். அக்காவின் பக்கம் இரண்டு பேர்தான், இரண்டும் படிப்புக்காரிகள். நாங்கள் அவர்களை ‘கல்லுக் கட்சி’ என்று பழிப்போம்.

அப்பா மாரடைப்பில் போனார். அடுத்த வருடம் ஊரும் ஆமியிடம் போனது. ஒரு ஆனி மாதத்தில் ட்ரக்டர் பெட்டியில் சட்டிபானை, பாய், தலையணை, தலையணைகளுக்கு நடுவில் ரீவி, கசற் போடுகிற டெக், ஒன்பது கசற்றுகள் என்று ஏற்றிக்கொண்டு தென்மராட்சிக்கு வந்து, தெரிந்தவர்களின் வீட்டில் இரண்டு அறைகளுக்குள் ஒதுங்கினோம். மாமியும் எங்களோடு வந்து அடுத்த வளவில் இருந்தார். அதற்குப் பிறகு குடாநாட்டில் கரண்ட் இல்லை. ரீவிக்கு மேல் அம்மா துணி விரித்து அரிசிப் பேணியை வைத்தார்.

படம் நின்றது, சண்டை நிற்கவில்லை. இதைச் சொன்னால் விசர் என்பீர்கள். பொம்மர் பிளேன் சுற்றும்போது பங்கர்க் குழிக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தபடி, ஆறாவது கசற்றில் அவள் ஏன் திரும்பி வந்தாள் என்று நானும் அக்காவும் வாக்குவாதப்பட்டிருக்கிறோம். அந்தப் பாகத்தில் அவன் தூரத்து வெளிச்சவீடு ஒன்றில் அகப்பட்டுக் கிடக்கிறான். அவளுக்குத் தன் சனம் இருக்கும் இடத்துக்குப் போகிற கப்பல் கிடைத்துவிட்டது. ஏறவேண்டியதுதான். ஏறாமல் அவனிடம் திரும்பி வருகிறாள். அவன் கதவைத் திறக்கிறான். அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. கனநேரம் அவனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், பிறகு உள்ளே போய் விளக்கைத் திருத்தத் தொடங்குகிறாள். அதோடு பாகம் முடிகிறது. விளக்குக்காக வந்தாள் என்பது அக்கா கட்சி. அந்தப் பார்வைக்காக வந்தாள் என்பது என் கட்சி. மேலே குண்டு விழும், அம்மா தேவாரம் சொல்லுவார், நாங்கள் இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு “விளக்கு”, “பார்வை” என்று கிசுகிசுப்போம். வேறு எதை நினைத்தாலும் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அதனால்தான் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன்.

எனக்குப் பதினெட்டு வயதான வருடம் அக்காவுக்குக் கடிதம் வந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மேற்படிப்புக்கு இடம், உதவித்தொகையோடு. கொழும்பில் நேர்முகத்துக்கு வரவேண்டும். கடிதம் வழியில் கிடந்து கிடந்து வந்து சேர்ந்தபோது நேர்முகத்துக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. அக்கா அப்போது பள்ளிக்கூடமொன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். ஆய்வுகூடம் என்ற பெயரில் இரண்டு உடைந்த பியூரெட்டும் ஒரு மண்ணெண்ணெய் விளக்கும் இருந்த பள்ளிக்கூடம். கடிதத்தை வாசித்துவிட்டுக் கிணற்றடியில் போய் நின்று அழுதாள். அவள் அழுது நான் கண்டது அப்பாவின் செத்தவீட்டுக்குப் பிறகு அன்றுதான்.

கொழும்புக்குப் போக ஒரே வழி கிளாலிக் கடல். இருட்டில் வள்ளம், எந்த நேரமும் நேவி சுடும். ஒரு பெண்பிள்ளை தனியே போகிற பாதையில்லை. அதைவிட, குடாநாட்டை விட்டு வெளியேற இயக்கத்திடம் பாஸ் எடுக்கவேண்டும், பாஸுக்கு வீட்டில் ஒருவர் பிணைக் கையெழுத்து வைக்கவேண்டும். பிணை நிற்கிறவர் இங்கேயே இருக்கவேண்டும், போனவர் திரும்பாவிட்டால் அவர்தான் பதில் சொல்லவேண்டும். என்னைச் சின்னப்பிள்ளை என்று பிணைக்கு எடுக்கமாட்டார்கள், எங்கள் வீட்டில் அம்மாவைத் தவிர வேறு ஆளில்லை. ஆகவே அம்மா துணைக்குப் போகவும் முடியாது, அம்மாவின் கையெழுத்து இல்லாமல் அக்கா போகவும் முடியாது.

துணைக்கு ஆள் இருந்தது. அக்காவோடு படிப்பிக்கிற கணக்கு மாஸ்டர். அவருக்கும் அதே கிழமை கொழும்பில் அலுவல். “நான் கூட்டிக்கொண்டுபோய் விடுறன், ரீச்சர்” என்றிருந்தார். இரண்டு பேரும் பள்ளிக்கூடம் விட்டுச் சைக்கிளில் ஒன்றாக வருகிறவர்கள். எங்கள் வாசல் வரைக்கும் கதைத்துக்கொண்டு வருவார்கள். அதைப் பற்றி ஏற்கனவே ஊரில் ஒரு முணுமுணுப்பு இருந்தது.

“ஏலாது” என்றார் அம்மா. “உன்ரை பேர் கெட்டால் நாளைக்கு உவளுக்கும் ஆரும் வரமாட்டினம்.” உவள் என்றது என்னை.

“அம்மா, அவர் எனக்கு ஒண்டும் இல்லை. கூட வேலை செய்யிற மனிசன். ஒரு ஆம்பிளையும் பொம்பிளையும் ஒண்டுமில்லாமல் கூடப் போகேலாதோ?”

“எங்கை போயிருக்கினம்? ஒருத்தரைக் காட்டு பாப்பம்.”

அக்காவுக்கு வேறு யாரும் அகப்படவில்லை. ஊரில் அப்படி ஒரு ஆணும் பெண்ணும் இல்லை, இருந்தாலும் ஊர் விட்டு வைக்காது. “அந்தக் கப்பல்காரரைப் பாருங்கோ” என்றாள்.

“அதுகள் சகோதரங்கள்.”

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே இழுக்காதா என்றிருந்தது. “இல்லையம்மா” என்றேன். “நான் அப்ப பொய் சொன்னனான். அதுகள் சொந்தமில்லை.”

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். “இவ்வளவு காலமும் என்னை மொக்கியாக்கினனியள்” என்றார். பிறகு, எங்கள் அம்மா நியாயக்காரி, அதை நான் எங்கும் சொல்லுவேன், “சரி. திரும்பப் போடுங்கோ. நான் என்ரை கண்ணாலை பார்த்துப்போட்டுச் சொல்லுறன்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜெனறேற்றர் வந்தது. படம் போடுகிறவரிடம் அக்கா கெஞ்சிக் கூத்தாடிப் பிடித்தது. மண்ணெண்ணெய்யில் ஓடும், மூன்று மணித்தியாலத்துக்குத்தான் எண்ணெய். ஜன்னல்களுக்குச் சாக்குக் கட்டி அறையை இருட்டாக்கினோம். அரிசிப் பேணியை இறக்கி ரீவியைத் துடைத்தோம். சத்தம் கேட்டு மாமியும் வந்து இருந்தார். ஆறாவது கசற்றை அக்காவே தெரிவுசெய்தாள். போடுவதற்கு முன் என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

“அம்மா கட்டாயம் கேட்பா, அவள் ஏன் திரும்பி வந்தவள் எண்டு. வேலைக்கு எண்டு சொல்லு. உன்ரை காலிலை விழுறன். இண்டைக்கு மட்டும் என்ரை கட்சியிலை இரு.”

“ஓம்” என்றேன். அந்த ‘ஓம்’ பொய்யில்லை. அந்த நேரத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

படம் ஓடியது. நான் சொல்லிக்கொண்டு வந்தேன். வெளியே ஜெனறேற்றர் இரைந்ததால் தொண்டை கிழியக் கத்தவேண்டியிருந்தது. அம்மா அசையாமல் பார்த்தார். அவன் அவளை எங்கே தொடுகிறான், எங்கே தொடவில்லை, எல்லாம் பார்த்தார். ஓரிடத்தில், “மரியாதையான பெடியன்தான்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். எனக்குப் பின்னால் அக்கா மூச்சு விட்டது கேட்டது. அவளுடைய மடியில் பாஸ் படிவம் இருந்தது. பேனையும் இருந்தது.

கதவு திறந்தது. அவள் நின்றாள். பேசவில்லை, பார்த்தாள். பிறகு உள்ளே போய் விளக்கில் கை வைத்தாள்.

அம்மா என் பக்கம் திரும்பினார். “சொல்லு பிள்ளை. உவள் ஏன் திரும்பி வந்தவள்?”

இதை எத்தனை தரம் எனக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ‘வேலைக்கு’ என்ற சொல் வாயில் இருந்தது. நாக்கு நுனியில் இருந்தது. அக்கா போய்விடுவாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையெழுத்து விழும், அவள் வள்ளம் ஏறுவாள். நான் இந்த இரண்டு அறைக்குள், இந்தப் பங்கருக்குள், தேவாரம் சொல்லும் அம்மாவோடு தனியே இருப்பேன். பொம்மர் வரும்போது ‘பார்வை’ என்று நான் சொன்னால் ‘விளக்கு’ என்று சொல்ல ஆளிருக்காது.

“விருப்பத்திலை, அம்மா” என்றேன். “அவனிலை விருப்பம். அதுதான் வந்தவள்.”

மாமி, “பாத்தியே, நான் அப்பவே நினைச்சனான்” என்றார். அப்பவே நினைத்தாராம்! நாலு வருடமாக மாப்பிள்ளை தேடினவர். அம்மா எழுந்து சாக்கைக் கழற்றினார், வெயில் கண்ணில் அடித்தது. “ஜெனறேற்றரை நிப்பாட்டச் சொல்லு. எண்ணெய் வீணாய்ப் போகுது” என்றுவிட்டு அடுப்படிக்குப் போனார். அக்கா படிவத்தை நாலாக மடித்தாள். என்னைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பின்னேரத்தோடு படிவம் கொடுக்கவேண்டும். காலையில், “மாஸ்டரிட்டைப் போய் நான் வரேல்லையெண்டு சொல்லிப்போட்டு வா” என்று அக்கா என்னை அனுப்பினாள். பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை, காய்ச்சல் என்று படுத்திருந்தாள். நான் சைக்கிளில் போனேன். பயணத்துக்கென்று லீவில் நின்ற மாஸ்டர், தங்கியிருந்த வீட்டு வாசலில் சேட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

“ஏன்? ரீச்சருக்கு என்ன?”

“அம்மா விடமாட்டாவாம். ஊர் கதைக்குமாம்.”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்து போனது. “ஐயோ தங்கச்சி, நான் கலியாணம் கட்டவெல்லோ கொழும்புக்குப் போறன்! மூண்டு வருசமாய்ப் பேசி வைச்சது. ரீச்சருக்கு எல்லாம் தெரியும். அவதான் கூறைக்கு நிறம் சொன்னவ. வீட்டிலை சொல்லேல்லையோ?”

நான் சைக்கிளைத் திருப்பினேன். அன்று நான் மிதித்த மிதி! செயின் இரண்டு தரம் கழன்றது, கையெல்லாம் கிரீஸ். நேரம் இருக்கிறது, நேரம் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டுக்குள் ஓடிப்போய் அக்காவை எழுப்பி உலுப்பினேன்.

“அவருக்குக் கலியாணமாம்! அம்மாவிட்டை ஏன் சொல்லேல்லை? ஒரு வசனம் சொல்லியிருந்தால் முடிஞ்சுதே!”

அக்கா எழும்பி இருந்தாள். “நான் ஏன் சொல்லவேணும்? அவருக்கு ஒருத்தி இருக்கிறதாலைதான் நான் நல்லவளோ? அவருக்குக் கலியாணம் பேசாமல் இருந்திருந்தால் நான் கெட்டவளோ? அம்மா என்னைப் பார்த்து விடவேணும். அவரைப் பார்த்து இல்லை.”

எனக்குக் கோபம் வந்தது. இந்த வீம்பைக் கட்டிக்கொண்டு என்ன செய்வது? நான் அம்மாவிடம் ஓடினேன். அம்மா முற்றத்தில் அவித்த பனங்கிழங்கைப் புளுக்கொடியலுக்குக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க வாங்க எல்லாம் சொன்னேன். மூன்று வருடமாகப் பேசிவைத்தது, கலியாணத்துக்குத்தான் போகிறார், அக்காவுக்குத் தெரியும் என்று எல்லாம்.

அம்மா கையைச் சேலையில் துடைத்தார்.

“இன்னொருத்திக்குப் பேசின மாப்பிள்ளையோடையோ?” என்றார். “அந்தப் பிள்ளை வீட்டார் நாளைக்கு என்ன கதைப்பினம்? கலியாணம் குழம்பினால் அந்தப் பழியும் எங்கடை தலையிலைதான்.”

நான் முற்றத்திலேயே குந்திவிட்டேன். அறைக்குள் இருந்து அக்கா சிரித்தது கேட்டது. அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

மாஸ்டர் தனியே போனார். வள்ளம் பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்ததாகப் பிறகு அறிந்தோம். நேர்முக நாளன்று அக்கா பள்ளிக்கூடம் போய் ஒளித்தெறிப்புப் படிப்பித்துவிட்டு வந்து சோறு சாப்பிட்டாள். ஒரு மாதம் என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள். பிறகு ஒருநாள் பங்கருக்குள், நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது, அவளே தொடங்கினாள்.

“நீ உண்மையாய் நினைக்கிறதைத்தானே சொன்னனி. அவள் விருப்பத்திலைதான் வந்தவள் எண்டு. எத்தினை வருசமாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அதுக்கு நான் உன்னோடை கோவிக்கேலாது.”

“ஓம்” என்றேன். வேறு என்ன சொல்வேன்? பார்வைக்காகச் சொல்லவில்லை அக்கா, நீ போய்விடுவாய் என்று சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அவள் என்னுடைய பிடிவாதத்தைத்தான் மன்னித்தாள். அதற்கடியில் கிடந்ததை நான் அவளுக்குக் காட்டவேயில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருடத்தில் லண்டன் மாமா என்னைக் கூப்பிட்டார். அம்மா அப்போது படுக்கையில், பேச்சு முக்கால்வாசி போய்விட்டது. பிணைக்கு அக்காதான். படிவத்தை நான்தான் அவளுக்கு முன்னால் வைத்தேன். நான் ஆரோடு போகிறேன் என்று அவள் கேட்கவில்லை. ஆணோ பெண்ணோ, கலியாணமானவரோ ஆகாதவரோ, ஒன்றும் கேட்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டாள். நான் விரலால் காட்டினேன்.

அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். பேனை கடதாசியில் படும்வரைக்கும் நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை. சொன்னால் பேனையைக் கீழே வைத்துவிடுவாளோ என்று பயந்தேன்.